நெற்றியில் ராணி

சந்தனத்துக்கு நடுவே விக்டோரியா ராணி ஒரு கன்னத்தைக் காட்டிக்கொண்டு பளபளக்கிறாள், ஆறுமுகநயினாரின் நெற்றியில், செத்தவர் நெற்றியில் ஒற்றை ரூபாய் ஒட்டுவது வழக்கந்தான், ஆனால் இந்தக் காசா என்று அவர் மனைவி வடிவு உற்றுப் பார்க்கிறாள், யார் எடுத்தது, நாந்தான் மயினி, பீரோவுல இருந்துச்சு, எங்க அண்ணன் என்ன தகரக்காசோடயா போவான், வெள்ளி வச்சு அனுப்புவோம்னுதான் என்று மூக்கைச் சிந்துகிறாள் நாத்தனார் கோமதி, பாசத்தில் செய்தவளை என்ன சொல்ல, அது வெறும் வெள்ளி இல்லை, கம்பெனிக்காரனிடமிருந்து நாடு ராணி கைக்குப் போன காலத்தில், புது ரூபாய் இப்படி இருக்கட்டுமா என்று மேலிடத்தைக் கேட்பதற்காக நாணயச்சாலையில் அடித்த மாதிரிக் காசு, மேலே இருந்தவர்கள் வேண்டாம் என்றுவிட, சந்தைக்கு வராமலே நின்றுபோனது, உலகத்துல மூணோ நாலோதான் இருக்கும்ட்டி, ஒரு கொட்டைப்பாக்கு கூட வாங்கினதில்ல இது, என்று நயினார் அதைப் பஞ்சுக்குள் வைத்து மூடுவார், விளிம்பைப் பிடி, முகத்துல விரல் படக்கூடாது, ஏ எடுபட்டவளே, வேர்வைக் கை, ஒரு கீறல் விழுந்தா பாதி விலை போச்சு, கல்யாணமான புதிதில் வடிவுக்குச் சக்களத்திப் பொறாமை, ராணி இருக்கையில என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்திய என்பாள், அவர் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு எங்கே முடிந்தது, மகள் உலகம்மை எங்கே ஆரம்பிக்கிறாள், பாயில் கிடக்கிறாள், ஏழு வயது, கண்ணெல்லாம் மஞ்சள், உடனே மதுரைக்குக் கொண்டுபோங்க என்கிறார் டாக்டர், அதை வித்திருங்க, உங்க காலைப் பிடிக்கேன் என்று வடிவு அழுதாள், அழுதாளா, இப்போதா அழுகிறாள், பொறுட்டி, விவரம் தெரிஞ்ச ஆள் வரட்டும், கண்டவன் அடிமாட்டு விலைக்குக் கேப்பான், கீழாநெல்லிக்கே கேட்டுரும், கேட்கவில்லை, பிள்ளையின் நெற்றி சின்னது, சட்டைப்பையிலிருந்து ஒரு சாதா ரூபாயை எடுத்து அவரேதான் அதில் ஒட்டினார், கை நடுங்கவில்லை, அந்தக் கையைத்தான் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டு சோறு போட்டாள், நான் போனா இதை வித்துக்கோ வடிவு, ஒருத்தன் வாசல்ல போய் நிக்காண்டாம் என்று படுக்கையில் கிடந்து அவர் சொன்னதும் பொய்யில்லை, வாடகை வீடு, கழுத்தில் மஞ்சள் கயிறு, வேறு என்ன இருக்கிறது அவளுக்கு.

சங்கு ஊதியாயிற்று, தூக்கலாமா என்கிறார்கள், பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, நெற்றிக்காசு அங்கே வெட்டியானுக்கு, தெருமுனை தாண்டினால் போனது போனதுதான், செத்த பொறுங்க என்று அவள் குனிகிறாள், கடைசியா முகத்தைத் தடவுதா, தடவட்டும் பாவம் என்கிறது ஒரு குரல், அவள் தடவவில்லை, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, காய்ந்துபோன சந்தனத்துக்குள் கொடுத்து நெம்புகிறாள், ஐயோ மயினி என்ன செய்யுதிய, பொணத்து நெத்திக்காசை எடுக்காளே, கிறுக்கு பிடிச்சிட்டா, ஊரு என்ன பேசும், பேசட்டும் கோமதி, ஒரு ரூபா இருந்தாத் தா, எங்க உலகுக்கு அது போதும்னா அவ அப்பனுக்கும் போதும்.

கோமதி சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டிய காசை வடிவுதான் ஒட்டுகிறாள், பாடை தெரு திரும்பி மறைகிறது, உள்ளங்கையில் சந்தனமும் வேர்வையுமாக ராணி கிடக்கிறாள், கன்னத்தில் காதுவரைக்கும் ஊக்கு இழுத்த கோடு, பாதி விலை, வந்தவரைக்கும் வரட்டும் என்று அந்த முகத்தின் மேலேயே விரல்களை மடக்குகிறாள்.