உள்ளங்கை முன்பக்கம்

"பொணம் மாதிரி நில்லுயா. கால சேத்து வச்சி, உள்ளங்கை ரெண்டும் முன்னால பாக்கணும்" என்றேன்.

"பொணம் எங்கடி நிக்கும்?" என்றார் சாலமோன்.

முப்பத்தாறு வயதில் பிசியோதெரபி உதவியாளர் படிப்பில் சேர்ந்தவள் நான். மறுநாள் திருவள்ளூரில் வாய்மொழித் தேர்வு. எங்கள் பாடத்தில் ஆள் இப்படி நின்றால்தான் உடம்புக்குத் திசையே உண்டு. நடுக்கோட்டுக்குப் பக்கம் மீடியல், விலகினால் லேட்டரல். சனியன், வாயில் நுழைந்தாலும் மண்டையில் நிற்பதில்லை. புருஷனைத் தொட்டுத் தொட்டுச் சொன்னால் நிற்குமா என்று பார்த்தேன். அவருக்கும் மறுநாள் பரீட்சைதான். கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் வலது முன்கை உடைந்து, கட்டுப் பிரித்தாயிற்று. கம்பெனி டாக்டர் பார்த்து சரி என்றால் மறுபடி வேலை.

மூக்கு மீடியல், காது லேட்டரல் என்று இறங்கி வந்தேன். கட்டைவிரல் லேட்டரல். இடது கை சரி. வலது கட்டைவிரலும் வெளியேதான் இருந்தது, ஆனால் தோள் மொத்தமும் திருகிக்கொண்டு நின்றது. அவர் முழங்கையை மடக்கி விலாவோடு அழுத்திப் பிடித்தேன். இப்படிப் பிடித்தால் தோள் உதவிக்கு வர முடியாது என்று போன மாதம்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

"இப்போ திருப்பு. திருவிருந்துல அப்பம் வாங்கற மாதிரி."

கை பாதியில் நின்றுவிட்டது. மேலே பார்த்தது கட்டைவிரல், உள்ளங்கை இல்லை.

போன ஞாயிறு இவர் அப்பத்தை இடது கையில் வாங்கினார். சபையே பார்த்தது. மானத்த வாங்கறியே என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன். கை திரும்பாததை மறைத்துக்கொண்டு கூடவே நடந்தாரே, பாவி மனுஷன்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. திரும்ப மாட்டேங்குது."

"சூட்டுக் கம்பிய இடுக்கியால புடிச்சி எப்டிய்யா பெரட்டுவ? கை திரும்பலன்னா அது உன் மேலதான வரும்?"

"மூணு மாசமா ஊட்லயே குந்திக்கினு கீறேன்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீதான் படிக்கிறியே கிரேஸு. எப்டி நின்னா டாக்டருக்குத் தெரியாதுன்னு சொல்லிக் குடேன்."

எனக்குத் தெரியும். முழங்கையை நீட்டியே வைத்தால் போதும், மிச்சத்தைத் தோள் மறைத்துவிடும். பிடித்துப் பார்க்காத டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"சரி, கைய வுடுடி" என்றார்.

விடவில்லை, சொல்லியும் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றார். வரவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத் திருப்பப் போனார். அந்தக் கையையும் பிடித்துக்கொண்டேன்.