கழுதைக் கதையின் நீதி

நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பைண்டிங் கோணலாகப் போன புத்தகங்களை விற்க மாட்டார்கள். மேலாளரிடம் கேட்டு, படம் போட்ட ஒன்றை அக்கா மகளுக்கு எடுத்துப் போனேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வாய் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அன்று அந்த ரேடியோ அடங்கிவிட்டது. கட்டிலில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தாள். சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டில் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை புத்தகத்தை மூடுவதற்குள், “இந்தக் கதையோட நீதி என்ன, சொல்லு” என்றாள்.

ரேடியோ திருதிருவென்று விழித்தாள். “நீதியெல்லாம் இல்லம்மா. கழுதை முடி வெட்டிக்கப் போகுது. அவ்வளவுதான்.”

நீதி இல்லாமல் யாராவது கதை எழுதுவார்களா என்று அக்கா விடவில்லை. இருவரும் மல்லுக்கட்டி, எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஒன்றை அந்தக் கழுதையிடமிருந்து கறந்தார்கள். அக்கா நல்ல மனதோடுதான் செய்தாள். எனக்கு எரிச்சலே அதுதான். கெட்ட எண்ணம் என்றால் சண்டையாவது போடலாம்.

அதன்பின் நான் கொண்டுபோன ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதே பாடுதான். ரேடியோ முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி நீதியைத் தேடினாள். பிறகு அதுவும் இல்லை. புத்தகத்தைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு வலித்தது.

அக்காவுக்கு உறைக்க நாளாயிற்று. நேற்று நான் போனபோது தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “எப்படிச் சிரிச்சுக்கிட்டுக் கிடந்தா. நானே கெடுத்துட்டேன்டி” என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்கும் தாங்கவில்லை.

பிறகு நான் கொண்டுபோன புதுப் புத்தகத்தை வாங்கி, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தானே வாசித்தாள். குரலை மாற்றி மாற்றி வாசித்தாள். யானை தும்மும் இடத்தில் தானும் தும்மிக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரேடியோ மட்டும் வகுப்பில் உட்கார்வதுபோல் முதுகை நிமிர்த்தி, கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

அக்கா வாசிப்பதை நிறுத்தி, “பிடிச்சிருக்காடா?” என்று கேட்டாள்.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“நான் என்னம்மா சொல்லணும்?” என்றாள்.