ஏழு முறை கழுவிய உட்கரு

எங்கள் பேராசிரியர் குரேபயாஷி எழுதிய பாடநூலில் ஒரு செல்லின் படம் உண்டு. அதில் ஆக்டின் என்ற புரதத்துக்குச் சிவப்பு. செல்லுக்கு உருவம் கொடுப்பதும் அதை நகர்த்துவதும் ஆக்டினின் வேலை என்பதால் ஓரமெல்லாம் சிவப்பு. மரபணுக்கள் இருக்கும் உட்கரு மட்டும் சுத்த வெள்ளை. நான்கு பதிப்புகளிலும் அந்த வெள்ளையில் ஒரு புள்ளி விழவில்லை. மொரியோகா நகரத்தில் எங்கள் ஆய்வகத்தின் மானமே அதில்தான் இருந்தது.

அதில் கை வைத்தவர் என் சக ஆய்வாளர் ஒரிகாசா. என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், தனியாகப் பிரித்தெடுத்த உட்கருக்களைச் சோதித்த படத்தாளை மேசையில் வைத்தார். அதில் ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாக விழும்.

"என்ன இந்தக் கோடு?" என்றார் நாங்கள் 'சென்செய்' என்று மரியாதையாக அழைக்கும் பேராசிரியர்.

"ஆக்டின், சென்செய். உட்கருவுக்குள்ள இருந்து வந்தது."

"வெளியில இருந்தது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அழுக்கு. கழுவிட்டு வா."

கழுவினார். அடுத்த வாரம் பேராசிரியர் மறுபடி கழுவச் சொன்னார். ஏழாவது முறை ஒரிகாசா சொன்னார்: "உட்கருவே பாதி கரைஞ்சிடுச்சு, சென்செய். ஆக்டின் போகல."

"அப்ப உனக்குக் கழுவத் தெரியல. செருப்போட வீட்டுக்குள்ள வந்தவன்லாம் குடும்பத்து ஆளாயிடுவானா?"

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். என் பதவி நீட்டிப்புக் கடிதம் கையெழுத்துக்காக அவர் மேசையில் கிடந்தது.

மதியம் உணவகத்தில் ஒரிகாசா என் எதிரே வந்து உட்கார்ந்தார். "நல்லா சிரிச்சீங்க, சுகுயி."

நான் நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டேன்.

"குத்திக்காட்டல. நாளைக்குத் தவளை புடிக்க ஒரு கை வேணும். வர்றீங்களா?"

தவளையின் முட்டையணு கண்ணுக்கே தெரியும். அதன் உட்கருவையும் இடுக்கியால் எடுத்துவிடலாம். தண்ணீரில் எடுத்தால் உள்ளே இருப்பது வெளியே கசியும். ஒரிகாசா எண்ணெய்க்குள் வைத்து எடுத்தார். கசிவில்லை, கழுவலும் இல்லை. ஆக்டின் உள்ளே மொத்தமாக இருந்தது. பிறகு ஆக்டினைக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளை நுண்ணூசியால் உட்கருவுக்குள் செலுத்தினார். மரபணுக்களைப் படியெடுக்கும் வேலை அப்படியே படுத்துவிட்டது. ஆக, அது வழிதவறி வந்த விருந்தாளி அல்ல. உள்ளேயே வேலை பார்க்கிற ஆள்.

பேராசிரியர் அந்த அறிக்கையை ஐந்து நிமிடம் படித்தார். "வெளியில யாருக்கும் சொல்லாத" என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மூன்று வருடம் கழித்து வெளிநாட்டில் மூன்று குழுக்கள், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், அதையே வெளியிட்டன. அந்த மாதமே இழுப்பறை திறந்தது. செண்டாய் மாநாட்டில் பேராசிரியரின் உரைக்கு, 'உட்கரு ஆக்டின்: என் இருபதாண்டுத் தேடல்' என்று தலைப்பு. படங்களைத் தயாரித்துக் கொடுத்தவர் ஒரிகாசா. கடைசிப் படத்தில் நன்றி சொல்லியிருந்த பதினான்கு பேரில் அவர் பன்னிரண்டாவது.

உரை நன்றாகத்தான் போனது. முடிந்ததும் சப்போரோவிலிருந்து வந்த முதிய ஆய்வாளர் நிஷிகிடோ அம்மையார் எழுந்தார். "உட்கருவோட வெளியில ஒட்டியிருக்கறத எண்ணெய்க்குள்ள எப்படி எடுத்தீங்க?"

"ரொம்பக் கவனமா" என்றார் பேராசிரியர்.

"கவனம் சரி. எப்படி?"

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். இன்னொரு தடவையும் குடித்தார். பின்வரிசையில் ஒரிகாசா எழுந்தார்.

"கண்ணாடித் தகட்டு மேல மெதுவா உருட்டணுங்க. முட்டையோட மஞ்சக்கரு எல்லாம் தகட்டுல ஒட்டிக்கும். உட்கரு கண்ணாடிக் குண்டு மாதிரி தனியா வந்துடும்."

கேள்விமேல் கேள்வி வந்தது. நேரம் முடிந்ததற்கு மணியடிக்க வேண்டியவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் எப்ப செஞ்சீங்க?" என்றார் நிஷிகிடோ அம்மையார்.

"ரெண்டாயிரத்து ஒண்ணு, அக்டோபர். அப்ப இது அழுக்கா இருந்ததுங்க."

அரங்கம் சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார், எல்லோரையும்விடச் சத்தமாக. ஒலிவாங்கியைப் பிடித்து, "பாத்தீங்களா, என் ஆளுங்கள எப்படித் தயார் பண்ணியிருக்கேன்னு" என்றார். கைதட்டலும் கிடைத்தது.

அடுத்த ஏப்ரலில் ஒரிகாசா சப்போரோவுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்குத் தனி ஆய்வகம், சொந்தப் பெயரில் கட்டுரை. இலையுதிர் காலத்தில் அவர் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியானது. நான் மூன்று பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பினேன். ஒரிகாசாவிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது.

"இங்க குளிர் ஜாஸ்தி. கனமான கோட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."