கைக்குத் தண்ணீர்

செம்பை நீட்டியபோது ஞானாதிக்கம் ஐயர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சிரிப்பில்தான் வைரக்கண்ணு உபதேசியாருக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஒரத்தநாட்டுப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். பூணூல் இல்லாத ஐயர். அவருக்குக் கீழே ஊரோடு கிடந்து, ஜெபம் சொல்லி, சாவுக்கு ஓடி, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைப்பவர் உபதேசியார். வைரக்கண்ணு அப்படி ஓடத் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஐயர் வந்து எட்டு மாதம். வயது முப்பதைத் தாண்டவில்லை.

அன்றைக்கு அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றிப் புதுநெல்லும் பூசணியும் வாழைத்தாருமாகக் குவிந்திருக்க, ஐயர் எலிசா தீர்க்கதரிசியைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெரிய அற்புதமெல்லாம் செய்வதற்கு முன்னால் எலிசா செய்தது என்ன? தன் குரு எலியாவின் கைக்குத் தண்ணீர் வார்த்தான். சீஷனுக்கு முதல் பாடம் அதுதான். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் பார்வை, பாயில் உட்கார்ந்திருந்த சபைக்கு முன்னால் தனியாகப் போட்டிருந்த வைரக்கண்ணுவின் நாற்காலிக்கே வந்தது. இந்த வருஷமாவது தனக்குக் குருப்பட்டம் கிடைக்க மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார் உபதேசியார். அதற்குப் பதில் இப்படிப் பிரசங்கமாக வரும் என்று அவர் நினைக்கவில்லை.

அது போதாதென்று, பந்தியில் இலை போட்டுச் சபையே உட்கார்ந்த பிறகு இந்தச் செம்பு.

“சொன்னத ஒருதரம் செஞ்சு காட்டிருவோம் உபதேசியாரே. எல்லாரும் பாக்கட்டும். நாளைக்கே கடிதம் எழுதிடுறேன்.”

வைரக்கண்ணு செம்பைத் தொடவில்லை.

“எலிசா யாருங்க ஐயரே? பன்னெண்டு ஏர் பூட்டி உழுதவன். நம்ம பக்கத்துல சொன்னா மிராசுதார். மாட்ட அடிச்சு, ஏர எரிச்சு, ஊருக்கே ஆக்கிப்போட்டுட்டுப் போயித் தண்ணி ஊத்துனான். அவன் ஊத்துனா அது தாழ்மை. நாங்க ஊத்துனா அது வழக்கம். எங்ககிட்ட என்ன ஏர் இருந்துச்சு?”

ஐயர் குரலை உயர்த்தவில்லை.

“ஏர் இல்ல. முன்னாடி ஒரு நாற்காலி இருக்குல்ல?”

உண்மையாக இருந்ததால் அது இன்னும் எரிந்தது. வைரக்கண்ணு செம்பைப் பிடுங்கிக்கொண்டு, ஐயரின் நீட்டிய கையைத் தாண்டி நடந்தார். ஐயரின் மூக்கை அறுக்க வேண்டும், அவ்வளவுதான். தாழ்மையும் இல்லை, மண்ணும் இல்லை. பந்தலுக்குப் பின்னால் அண்டாக்களின் பக்கத்தில் அம்சம் குந்தியிருந்தாள். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள், எல்லாப் பண்டிகையிலும் கடைசியாகச் சாப்பிடுகிறவள். இத்தனை வருஷத்தில் சாப்பிட்டாயா என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை என்பது போகும் வழியில் ஞாபகம் வந்து, கோபம் இரண்டு மடங்காயிற்று.

“கைய நீட்டுக்கா.”

அம்சம் பதறி எழுந்தாள். சுற்றிலும் பார்த்தாள். செம்பு சாய்ந்ததும், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குவித்து, வாயோடு வைத்துக் குனிந்து குடிக்கத் தொடங்கினாள். மிராசுதார் களத்தில் சின்ன வயதில் பழகியது. செம்பு கையில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். போதும் என்று சொல்லக் கூடாது, ஊற்றுகிறவர் நிறுத்துகிறவரைக்கும் குடிக்க வேண்டும்.

“குடிக்க இல்லக்கா. கை கழுவ.”

அவளுக்குக் காதில் விழவில்லை. பந்தியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வைரக்கண்ணுவுக்குக் கத்தித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. அப்போதுதான் தன் கையைக் கவனித்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது செம்பை அவள் கைக்கு ஒரு முழம் மேலே பிடித்திருந்தது.

அவர் மெல்லச் செம்பை இறக்கினார். அது இறங்க இறங்க, அதில் பட்டுவிடாமல் அம்சமும் குனிந்துகொண்டே போனாள்.