சொல்லாமல் போய் பெல் அடித்த டெல்மர்

டெல்மர் வாஸ்பர்க் பதினாலு வருஷம் உலகத்தைச் சுற்றிவிட்டு விஸ்கான்சினில் பிறந்த ஊருக்கே திரும்பியபோது, ஆல்டர் தெரு அவனைக் கேட்டது இரண்டே கேள்விதான். சாப்பாடு ஒத்துக்கொண்டதா? பயமாக இல்லையா? அவன் வாயைத் திறப்பதற்குள் அவரவர் கூரை ஒழுகிய கதைக்குத் தாவிவிட்டார்கள். துருக்கி, கிர்கிஸ்தான், பொலிவியா என்று அவன் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையிலேயே நின்றது.

ஆனால் பேச்சை முடிக்கும்போது ஒருவர் தவறாமல் தோளில் தட்டிச் சொன்னார்கள்: "ஒருநாள் கண்டிப்பா வீட்டுக்கு வரணும், டெல்மர்!"

இந்த ஊரில் அதற்கு 'சரி, கிளம்பு' என்று அர்த்தம். பால்குடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். டெல்மருக்கும் ஒரு காலத்தில் தெரிந்ததுதான். போன இடத்திலெல்லாம் 'வா' என்றால் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார்களா, பயல் அதையே உண்மை என்று நம்பிவிட்டான்.

அம்மா போன வருஷம் வீட்டை அவன் பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். அடுத்த ஊரிலிருந்து வந்து அதைப் பார்த்துக்கொண்டவள் அக்கா ஜோலீன். அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

"டேய், இருக்கப் போறியா, விக்கப் போறியா? மாசக் கடைசிக்குள்ள சொல்லு. வாங்க ஆள் ரெடியா இருக்கு. உன் வீட்டுப் புல்லை வெட்டியே என் இடுப்பு போச்சு."

"இந்தத் தெருவுல யார் வீட்லயாவது உட்கார்ந்து ஒரு காபி குடிச்சேன்னா இருந்துடறேன், அக்கா. இல்லைன்னா எதுக்கு? கிளம்பிடறேன்."

"காபிதானே? மெயின் ரோட்ல கடை இருக்கே."

"கடையில இல்ல. வீட்ல."

ஏதோ மலைமேல் காற்று போதாமல் தம்பிக்கு மூளையில் கோளாறாகிவிட்டது என்று ஜோலீன் முடிவு கட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் அவன் ஒரு முலாம்பழத்தை இடுக்கிக்கொண்டு நடந்தே கிளம்பினான். கையில் நாயைப் பிடிக்காமல் இந்த ஊரில் எவன் நடக்கிறான்? தெருமுனைக்குள்ளேயே இரண்டு கார்கள் நின்றன. "என்ன டெல்மர், வண்டி மக்கர் பண்ணிடுச்சா? ஏறிக்கோ." நான்கு வீடு தள்ளித்தான் போகிறேன் என்றதும், பாவம், காரை ரிப்பேர் பண்ண வசதியில்லை போல என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலாவது வீட்டுத் தம்பதி லோர்னா, ராண்டி வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பெல் அடித்தான்.

டிவி செத்தது. விளக்கு அணைந்தது. போன் பண்ணாமல் ஒருத்தர் பெல் அடித்தால் ஒன்று போலீஸ், இல்லை எதையாவது விற்க வந்தவன். ஜன்னல் திரை இடுக்கில், மிச்சமிருந்த வெயில் வெளிச்சத்தில் டெல்மர் பார்த்தான்: ராண்டி அந்தப் பெரிய உடம்போடு கார்ப்பெட்டில் குப்புறக் கிடந்தான். லோர்னா சோபாவுக்குப் பின்னால் குந்தி, சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி, நாயைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தாள். நாய் மட்டும் வாலை ஆட்டி வரவேற்றது.

பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அங்கேயும் இருட்டு. அதற்கடுத்த வீட்டிலும்.

காலையில் லோர்னா எதிரே வந்து கையை ஆட்டினாள். "பழம் வச்சது நீயா! அடடா, நாங்க வெளிய போயிருந்தோமே! ஒருநாள் கண்டிப்பா வரணும்!"

டெல்மர் நேராக வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டான். "வித்துடு."

"அப்படி வா வழிக்கு. முதல்ல சாமானைக் காலி பண்ணு. சனிக்கிழமை கராஜ் சேல் போடு."

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கார் நிறுத்தும் கராஜின் கதவைத் தூக்கி, அம்மாவின் பழைய சாமான்களை வாசலில் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு ஒட்டினான். நாற்காலிகளை மேப்பிள் மரத்தடியில் போட்டான். அட்டையில் 'சேல்' என்று எழுதித் தெருமுனையில் நட்டுவிட்டுத் திரும்புகிறான், வாசலில் கூட்டம்!

தன் வீட்டுக் கதவைத் திறக்காத ஜனம், அடுத்தவன் கராஜ் திறந்தால் மட்டும் கூப்பிடாமலே வந்துவிடும். அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார்கள். போர்வையை உதறி மோந்தார்கள். அவள் எந்த அளவு ஷூ போட்டாள் என்று தெருவே தெரிந்துகொண்டது.

ராண்டி சாய்வு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "சரியா சாயுதான்னு பாக்கறேன்." வெயில் ஏறும் வரை பார்த்துக்கொண்டே இருந்தான். விலைச்சீட்டோடு இருந்த அம்மாவின் கெட்டிலிலேயே டெல்மர் காபி போட்டு ஊற்றினான். லோர்னா ஒரு டப்பா நிறைய வெண்ணெய் பிஸ்கெட் கொண்டுவந்தாள். இருந்த நாற்காலிகளெல்லாம் நிறைந்தன.

"யாக் மாட்டுப் பால் குடிச்சியாமே? எப்படி இருந்துச்சு?" என்றாள் லோர்னா.

டெல்மர் சொல்ல ஆரம்பித்தான். ஒருவரும் கூரை ஒழுகிய கதைக்குத் தாவவில்லை. யாக் துரத்தி அவன் தரையில் விழுந்த இடத்தில் ராண்டி தொடையில் அடித்துச் சிரித்தான். சிரித்த வேகத்தில் வாய் தவறியது.

"நீ அன்னைக்கு பெல் அடிச்சப்ப நான் அப்படித்தான் தரையில விழுந்தேன்!"

"ராண்டி!" லோர்னா அவன் காலை மிதித்தாள்.

"தெரியும்," என்றான் டெல்மர். "உன் சாக்ஸ்ல ஓட்டை."

ராண்டி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பிறகு லோர்னாவே சிரித்துவிட்டாள். "உள்ள வந்திருந்தா வீடு இருந்த கோலத்தைப் பார்த்திருப்பே. துணி மலை மாதிரி கிடந்துச்சு. வீட்டைத் துடைக்காம யாரைப்பா உள்ள விடறது? ரெண்டு நாள் முன்னாடி சொன்னாத்தானே துடைக்க முடியும்?"

"துடைச்சா நான் என்ன பண்ணப் போறேன்? காபிதானே குடிப்பேன்."

அப்போது வெளியூர் ஆள் ஒருவன் பிக்கப் வண்டியை நிறுத்தி இறங்கினான். "அந்த நாற்காலியெல்லாம் மொத்தமா எடுத்துக்கறேன். ஏத்தி விடறியா?"

டெல்மர் மரத்தடியைப் பார்த்தான். ராண்டி எழுந்திருக்கும் ஜாடையே இல்லை. லோர்னா இன்னொரு பிஸ்கெட்டைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆள் உட்கார்ந்திருக்கே. தர்றதுக்கில்ல," என்றான்.

வந்தவன் முறைத்துவிட்டு ஒரு விளக்கை வாங்கிக்கொண்டு போனான்.

"அப்ப அடுத்த சனிக்கிழமையும் சேல் உண்டா?" என்றாள் லோர்னா.

"உண்டு."

அடுத்த வெள்ளிக்கிழமை, விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஜோலீன் வந்தாள். வாசலில் டெல்மரின் வண்டி. அதன் பின்பக்கம் முழுக்க மூன்று தெரு சேல்களில் பொறுக்கிய ஓட்டைக் குடைகளும் மூடியில்லாத பாத்திரங்களும்.

"விக்கறேன்னு சொன்னவன் வாங்கிட்டு வந்து நிக்கறியே! கிறுக்கா உனக்கு?"

"நாளைக்கு வாசல்ல பரப்ப ஏதாவது வேணாமா, அக்கா?" என்று டெல்மர் ஒரு குடையை அவள் கையில் கொடுத்தான். "வீடு விக்கறதுக்கில்ல, வாங்க வந்தவனை வேற இடம் பாக்கச் சொல்லிடு. இந்தா, இதுல சீட்டு ஒட்டு."