மலைச்சாலையில் டோருன்

நார்வேயின் தெற்கே பெர்கன் நகரில் பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டிய டோருன், விவாகரத்துக்குப் பிறகு நாட்டின் வடகோடியில், ஃபின்மார்க்கில் உள்ள எங்கள் மீனவ ஊருக்குப் பனி தள்ளும் லாரி ஓட்ட வந்தாள். ஒரு பனிக்காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம். இன்னொரு லாரி ஓட்டும் அஸ்லாக் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"தெக்கத்திக்காரியா? கிறிஸ்துமஸுக்குள்ள ஓடிருவே."

"ஓடுறதுக்கும் ரோட்டுப் பனியை நான்தானே தள்ளணும்?" என்றாள்.

கிறிஸ்துமஸ் போயிற்று. சூரியனே தலைகாட்டாத இரண்டு மாதமும் போயிற்று. என் கடைக்கு வருவாள். ரொட்டியும் காப்பித்தூளும் எடுத்துக் கொடுப்பதற்கு மேல் நானும் பேசியதில்லை. பிப்ரவரியில், பழைய வேலைக்கே வரச்சொல்லி பெர்கனிலிருந்து கடிதம் வந்தது. போய்விடலாம் என்றுதான் இருந்தாள்.

மார்ச்சில் ஒரு காலை, புயலுக்காக மலைச்சாலையை மூடியிருந்தார்கள். அன்று பார்த்து அஸ்லாக்கின் மனைவி மாரெத்துக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம். ஹெலிகாப்டர் பறக்க வழியில்லை.

"மாரெத் இப்படிக் கிடக்குறப்ப, டோருன், என்னால ஓட்ட முடியாது."

"நீ ஆம்புலன்ஸ்ல மாரெத் பக்கத்துல உக்காரு. நான் முன்னாடி போறேன்."

உச்சியில் வானமும் தரையும் ஒரே வெள்ளை. சாலையின் ஓரத்தைக் காட்ட நட்டிருந்த கழிகள்தான் வழி. ஜன்னலை இறக்கித் தலையை நீட்டி, ஒரு கழியிலிருந்து அடுத்த கழிக்கு ஊர்ந்தாள். ஒரு வளைவில் கழியையே காணோம். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை லாரியில் முடிந்துவிட்டு இறங்கினாள். கடப்பாரையால் குத்திக் குத்தி, தார் 'ணங்'கென்று தட்டும்வரை தேடினாள்.

"டோருன், இருக்கியா?" கைரேடியோவில் அஸ்லாக் கேட்டான்.

"இருக்கேன். ரோடும் இருக்கு. என் விளக்கைப் பாத்துப் பின்னாலயே வாங்க."

இருபத்திரண்டு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மாரெத் பிழைத்தாள்.

மறுநாள் நண்பகல், வெயிலில் டோருன் மலையிறங்கி வந்தபோது துறைமுகத்தில் அத்தனை படகுகளும் சங்கு ஊதின. முகமெல்லாம் பனிக்காற்று சுட்ட சிவப்போடு நேரே என் கடைக்கு வந்தாள்.

"சர்ச்சுக்குப் பின்னாடி பச்சை வீடு காலியா இருக்காமே. யாரைக் கேக்கணும்?"

"என்னைத்தான். எவ்வளவு நாளைக்கு?"

"பெர்கனுக்கு வரலைன்னு இப்பதான் சொல்லிட்டு வரேன்."

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். ஏழு வருடம் ஆகிறது. இன்று அந்த மலைச்சாலையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு சொல்பவளே டோருன்தான்.