இரண்டு அங்குலமா, மூன்றா?

1

இந்தக் கதை ஒரு பஞ்சர் கடையில் எனக்குக் கிடைத்தது. என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் ஆணி ஏறியிருந்தது. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருக்க, நான் வேடிக்கை பார்த்தேன். பக்கத்துப் பட்டறையில் ஒரு பழைய ஜீப். அதன் முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவன் கையில் நோட்டு.

"மூணு இஞ்ச் தூக்கினாத்தான் சரி வரும்" என்றான்.

"மூணு இஞ்ச்னா எவ்வளவு?"

அவன் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இடைவெளி விட்டுக் காட்டினான். அவள் அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தாள். "இதுக்கா மூணு மாசமா தூங்கல?"

அதற்குள் என் பஞ்சர் ஒட்டியாகிவிட்டது. வந்துவிட்டேன். நான் கண்டதும் கேட்டதும் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பிறகு குட்டு வெளிப்படுவதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு வண்டி விஷயத்தில் அ, ஆ கூடத் தெரியாது.* ஆனாலும் அந்த இரண்டு விரல் இடைவெளி மனதை விட்டுப் போகவில்லை. சாக்குச் சொல்லி மூன்று வாரம் அந்தப் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தேன். காது கொடுத்துக் கேட்டேன். சிலது புரிந்தது.

(* டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை யாரோ தொலைபேசி எண்ணைப் பொறித்துவைத்திருக்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அகலமும் உயரமும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.)

2

முதல் ஆரம்பம்: [இருபத்தாறு வயதான அந்த ஜீப், மழைக்காலம் வருவதைத் தன் எலும்புகளில் உணர்ந்தது.] அடித்துவிட்டேன். ஜீப்புக்கு ஏது எலும்பு?

இரண்டாவது: [ஒரு கணவனின் அன்பை அங்குலக் கணக்கில் அளக்க முடியுமா என்று கேட்டால்] இதை எழுதிய கையோடு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு வெட்கம்.

மூன்றாவது: [மழை பெய்யும் சனிக்கிழமைகளில் அவள்]

இதில் பழுதில்லை. ஆனால் அவள் யார் என்று இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லையே. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கால்நடை மருத்துவர். அவன் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். நாள் முழுக்க மாணவர்களுக்குத் தராசும் அளவுகோலும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, துடைத்து வைப்பவன். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுமுன் எத்தனை டிகிரியில் கிறீச்சிடுகிறது என்று பார்க்கும் ஆசாமி.

சனிக்கிழமைதோறும் அவள் மலைமேல் இருக்கும் நாற்பது வீடுகளுக்குப் போவாள். எல்லா வீட்டிலும் மாடு உண்டு. வேறு டாக்டர் கிடையாது. போகிற வழியில் ஒரு ஓடை, பாலம் இல்லை. போன மழைக்காலத்தில் ஓடைக்கு நடுவே ஜீப்பின் அடிவயிறு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் சும்மா சுற்றின. இரண்டு மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது, கன்று ஈன முடியாமல் அவளுக்காகக் காத்துக் கிடந்த பசு செத்திருந்தது. கன்று வயிற்றுக்குள்ளேயே, ஒரு கால் மடங்கிய நிலையில். மாட்டுக்காரர் கோபித்திருந்தால் தேவலை. "நீங்க வந்ததே பெரிசு, டாக்டர்" என்றார். அந்த வார்த்தையை அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "வண்டி கல்லுல உக்காந்துடுச்சு."

மறுநாள் அவன் நோட்டு வாங்கினான்.

இப்போது அவளுடைய துறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மலைச் சுற்றை இன்னும் இரண்டு வருடம் ஏற்கிறீர்களா, அல்லது ஊருக்குள் மருத்துவமனைக்கு மாறிக்கொள்கிறீர்களா? மழைக்கு முன் பதில் வேண்டும். அவள் மாறினால் மலைக்கு வேறு ஆள் இல்லை என்பதையும் அதே கடிதம் நாசூக்காகச் சொல்லியிருந்தது. கடிதம் அவள் கைப்பையில் மடித்தபடி கிடக்கிறது.

(முதல் பிரதியில் அவளை 'அவள்' என்றும் அவனை 'அவர்' என்றும் எழுதியிருந்தேன். என் தங்கை படித்துவிட்டு "படிச்சவ அவ, மரியாதை அவருக்கா?" என்றாள். இருவரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன்.)

3

பட்டறைக்காரருக்குப் 'பொறுமை' என்று பெயர். எதற்கெடுத்தாலும் "பொறுமை, பொறுமை" என்பார். ஐம்பது தாண்டியவர். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசுவார். வாடிக்கையாளர்கள் அவருடைய செருப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"சார், இந்தப் பட்டை ஸ்பிரிங் எல்லாம் கெழடு தட்டிப் போச்சு. ரெண்டு இஞ்ச் தானாவே எறங்கியிருக்கு. புதுசு மாத்தினாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துடும்."

"புதுசும் மாத்தி, மேல மூணு இஞ்சும் தூக்கிடலாம்" என்றான் கணவன். "டயர் பெரிசா, சேத்துக்குன்னே வர்றது. கட்டை கட்டையா இருக்குமே, அது."

"பொறுமை. அது தார் ரோட்டுல ஊளையிடும். பிரேக் பிடிச்சா வழுக்கும். அம்மா போற வழியில சேறு எவ்வளவு, கல்லு எவ்வளவு?"

கணவன் நோட்டைப் புரட்டினான். வண்டிக்கு அடியில் ஒவ்வொரு பாகமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இருந்தது. சக்கரத்தை முழுக்க ஒடித்தால் எங்கே உரசும் என்று இருந்தது. மொத்தம் நாற்பத்தோரு அளவுகள். சேறு எவ்வளவு, கல் எவ்வளவு என்று இல்லை. அந்த வழியில் அவன் போனதே இல்லை.

"பெரும்பாலும் கல்லுதான்" என்றாள் டாக்டர்.

"கேட்டீங்களா? ரெண்டு இஞ்ச் போதும். எல்லாத் தரைக்கும் ஆகிற டயர் போடுங்க. அதுக்கு மேல தூக்கினா பிரேக் ஹோஸ் இழுக்கும், ஷாஃப்ட் கோணிக்கும். வயசான வண்டி சார், ஹைஹீல்ஸ் போட்டா விழுந்து வைக்கும்."

கணவன் சிரிக்கவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்தது. அதுவரை அவனைக் கோமாளியாக்கி வைத்திருந்தேன், எழுத வசதியாக இருந்தது. மூன்று அங்குலத்தில் ஒருவன் இப்படி ஒற்றைக்காலில் நிற்பானேன்? யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. ஓடையில் அவள் சிக்கிக்கொண்ட அன்று அவளுடைய தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அவன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். பயந்துபோய்விட்டான். அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் அளக்க ஆரம்பித்துவிட்டான்.

4

டாக்டர் மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போனாள். அவள் திரும்புவதற்குள் வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்று கணவன் பொறுமையை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தான். மூன்று அங்குலம். கட்டை டயர். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று பொறுமை கையைத் துடைத்துக்கொண்டார். வண்டி யாருடையது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

கடைசி நாள் வழியில் நின்றுபோன ஒரு லாரியைப் பார்க்கப் பொறுமைக்கு அழைப்பு வந்தது. ஜீப் தூக்குக்கட்டைகளின் மேல், சக்கரம் தரையில் படாமல் நின்றது. ஸ்பிரிங் போல்ட்டுகளை லேசாக மாட்டிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் தொட்டான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண் அவன் நோட்டில் இருந்தது. அளவு காட்டும் ஸ்பானரை ஆய்வகத்திலிருந்தே கொண்டுவந்திருந்தான். எட்டு போல்ட்டையும் இம்மி பிசகாமல் முடுக்கினான்.

ஆய்வகத்துக்காரன் செய்யக்கூடிய தவறு அது. எண் சரி, நேரம் தப்பு. அந்த போல்ட்டுகளைச் சுற்றி ரப்பர் உண்டு. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிவிடும். பிறகு தரையில் இறக்கினாலும் வண்டி முழுசாக உட்காராது, விறைத்துக்கொண்டு நிற்கும். சக்கரம் தரையில் பட்டு, சுமக்க வேண்டிய எடை முழுக்க ஏறிய பிறகுதான் கடைசியாக முடுக்க வேண்டும்.

(நானும் இதையேதான் செய்திருக்கிறேன். அவன் கோமாளி, அவள் தியாகி என்று இரண்டு பேரையும் அந்தரத்தில் வைத்து முடுக்கிவிட்டு, கதை ஏன் விறைப்பாக இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.)

5

டாக்டர் பட்டறைக்கு வந்து ஜீப்பைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. எதையும் ஏறி மிதித்துவிட்டுப் போகிற தோரணை.

"ஏறிப் பாரேன்" என்றான் கணவன். அவன் முகம் பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன் முகமாக இருந்தது.

அவளுடைய இடது முழங்காலில் எட்டு வருடத்துக்கு முன் ஒரு காளை உதைத்திருந்தது. அந்தக் காலை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. ஒருமுறை முயன்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுமுறை முயன்றாள். மூன்றாவது முறை பொறுமை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டார். அதில் ஏறி, அங்கிருந்து இருக்கைக்கு ஏறி உட்கார்ந்தாள். நாற்பது வீட்டுக்கு நாற்பது முறை இப்படி ஏற வேண்டும்.

"மலையில வாளிய யார் போடுவா?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனைச் சுட்டது.

அவன் நோட்டைத் திறந்தான், மூடினான். நாற்பத்தோரு அளவில் அவளுடைய முழங்கால் இல்லை.

"கல்லுல உக்காந்துடுச்சுன்னு நீதான சொன்ன? அதான்..."

"ஆமா, அதைத்தான் சொன்னேன்." கவிழ்ந்த வாளியைப் பார்த்துக்கொண்டே, "செத்த மாட்டுப் பக்கத்துல தனியா நின்னேன். அத சொல்ல வாய் வரல. வண்டின்னு சொல்லிட்டேன்."

"எனக்கு வண்டி மட்டும்தான் காதுல விழுந்துச்சு."

"சரி, விடு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொதப்பியிருக்கோம்."

பொறுமை அடியில் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "சார், காத்துல வெச்சு டைட் பண்ணீங்களா?" கணவன் தலையாட்டினான். "படிச்சவங்க வேற" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

இந்த முறை முடிவெடுத்தது டாக்டர். ஸ்பிரிங் இரண்டு அங்குலம். எல்லாத் தரைக்கும் ஆகிற டயர், நடுத்தர உயரம். காலை வைக்க ஒரு படி. பெட்ரோல் தொட்டிக்கு அடியில் கல் படாமல் ஒரு தகடு. மொத்தம் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்தாள். கணவன் சொன்னது சொன்னபடி எழுதிக்கொண்டான்.

"மலைக்குப் போறதா இருந்தா இதெல்லாம்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள். "இன்னும் பதில் எழுதல."

6

முடிவுகளை அடுக்கிவிடுகிறேன்.

முடிவு ஒன்று: அவள் சம்மதம் என்று எழுதுகிறாள், மழை வருகிறது, ஓடையை ஜீப் அநாயாசமாகக் கடக்கிறது, ஒரு கன்று பிறக்கிறது. எழுதியே முடித்துவிட்டேன், நான்கு பக்கம். படித்துப் பார்த்தால் டயர் கம்பெனி விளம்பரம்.

முடிவு இரண்டு: அவள் ஊருக்குள்ளேயே இருந்துவிடுகிறாள். ஜீப்பை விற்கிறார்கள். [மலையில் ஒரு வீட்டில், ஒரு பசு] இல்லை. அவளைத் தண்டிக்க நான் யார்? முழங்காலும் மனதும் நொந்த ஒருத்தி ஓய்வெடுப்பது குற்றமா?

மூன்றாவதை நானாக யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பட்டறையில் வேறு ஏதோ வண்டிக்கு வேலை நடந்தபோது பொறுமை அதன் சொந்தக்காரரிடம் கேட்ட ஒரு கேள்வி அது. சாதாரணக் கேள்வி, அங்கே தினமும் கேட்பதுதான். என் ஆட்களிடம் அவர் அதைக் கேட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வந்து எழுதிப் பார்த்தேன்.

7

வெள்ளிக்கிழமை பிற்பகல். ஜீப் புது ஸ்பிரிங்கோடு, தரையில், நான்கு சக்கரத்திலும் நிற்கிறது. போல்ட்டுகள் இன்னும் தளர்வாகவே இருக்கின்றன.

"அம்மா, மலைக்குப் போனா என்னென்ன ஏத்துவீங்களோ அத்தனையும் ஏத்துங்க" என்றார் பொறுமை.

மருந்துப் பெட்டி ஏறியது. இரண்டு கேன் தண்ணீர், கயிறு, சங்கிலி, பிரசவம் பார்க்கும் கருவிகள் வைத்த பை, எல்லாம் ஏறின. ஒவ்வொன்று ஏறும்போதும் ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக அமர்ந்தது. டாக்டர் புதுப் படியில் கால் வைத்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறி, ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கடிதம் அதற்குள்தான் இருக்கிறது.

பொறுமை ஸ்பானரோடு அடியில் போய்ப் படுத்தார். செருப்பு மட்டும் தெரிந்தது.

"இன்னும் யாராவது ஏறணுமா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "கூட வர்ற ஆள் இருந்தா இப்பவே ஏறிடணும். அந்த எடைக்குத்தான் டைட் வெப்பேன்."

டாக்டர் தலையைத் திருப்பினாள். பக்கத்து இருக்கையை ஒருமுறை பார்த்தாள், பிறகு வெளியே நிற்கும் கணவனைப் பார்த்தாள். கல்யாணமான பதினோரு வருடத்தில் அவன் அந்த இருக்கையில் மலைக்கு உட்கார்ந்ததில்லை. சனிக்கிழமை ஆய்வகத்துக்கு விடுமுறை. வழியில் அவனுக்கு வாந்தி வரும், ரத்தம் பார்த்தால் தலை சுற்றும். அவனுடைய எடை எழுபத்திரண்டு கிலோ, அது மட்டும் அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான்.

[அவன் ஏறினான்.] எழுதி அடித்துவிட்டேன். [அவன் தயங்கினான், பிறகு] அதையும் அடித்தேன். அவளுக்காக அவன் தீர்மானித்தது போதும், அவனுக்காக நானும் தீர்மானிக்க வேண்டாம். உங்களுக்கு அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு தெரிந்துவிட்டது. அவன் ஏறினால் அவள் என்ன பதில் எழுதுவாள், ஏறாவிட்டால் என்ன எழுதுவாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லிவிடுங்கள்.

"யாராவது ஏதாவது சொல்லுங்கப்பா" என்கிறார் பொறுமை. "தரை ஜில்லுனு இருக்கு, முதுகு பிடிச்சுக்குது."